ஏலியின் பாவம்: பிரித்தானியப் பாராளுமன்றத்தின் ஒழுக்கக் கண்காணிப்பு குறித்து ஒரு திறனாய்வு

அரசியல்வாதிகளின் ஒழுக்கக்கேட்டைக் கண்டு மக்கள் சினங்கொள்வது புதிதன்று. அச்சினத்தைப் பிரசங்க பீடத்திலிருந்து எதிரொலிப்பதும் நமக்குக் கடினமன்று. நாத்தான் தாவீதின்முன் நின்ற நிகழ்ச்சியை எடுத்துரைத்து, ஆட்சியாளரைச் சாடி, சபையாரின் மனநிறைவோடு இறங்கிவிடலாம். ஆனால் அச்சினம் எங்குச் சென்று சேருகிறது, எதனை மாற்றுகிறது, எதனை மாற்றாமல் விட்டுவிடுகிறது என்னும் வினாக்களை நாம் அரிதாகவே எழுப்புகிறோம்.

இக்கட்டுரையில் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் கடந்த முப்பது ஆண்டு அனுபவத்தை எடுத்துக்கொண்டு அவ்வினாக்களை ஆராய முற்படுகிறோம். அந்நாட்டைத் தெரிந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. இந்திய அரசியல் சாசனத்தின் 105 ஆம் பிரிவு தொடக்கத்தில் எழுதப்பட்டபோது, நம் பாராளுமன்றத்தின் சிறப்புரிமைகளுக்குப் பிரித்தானியக் காமன்ஸ் சபையின் சிறப்புரிமைகளே அளவுகோலாக வைக்கப்பட்டன. மேலும், ஒழுக்கநெறிகளை வகுப்பதிலும், ஆணையரை அமர்த்துவதிலும், குழுக்களை நிறுவுவதிலும் அந்நாடு காட்டிய உழைப்பு சிறிதன்று. இத்தனைக்குப் பின்னரும் மக்களின் சினம் அங்குத் தணியவில்லை. ஏன்?

நம் விடையை முன்னதாகவே கூறிவிடுகிறோம். கடிந்துரைப்பது வேறு, அடக்குவது வேறு. இவ்வேறுபாட்டைத் திருமறையில் 1 சாமுவேல் நூலின் முதற் பன்னிரண்டு அதிகாரங்கள் நமக்குத் தெளிவாய்க் காட்டுகின்றன. அப்பகுதியின் ஒளியில் பிரித்தானிய நிகழ்ச்சிகளை நோக்குவோம். பின்னர் அதே ஒளியைத் திருச்சபையின் மீதும் திருப்புவோம்.

1. தன்னைத் தானே நியாயந்தீர்க்கும் அவை

காமன்ஸ் சபை தன் உறுப்பினரைத் தானே விசாரித்துத் தானே தண்டிக்கும் உரிமையைப் பன்னெடுங்காலமாகப் பேணிவருகிறது. இவ்வுரிமையைத் தன்னலத்தின் கண்டுபிடிப்பு என்று தள்ளிவிடுவது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. 1642 ஜனவரி 4 ஆம் நாள் முதலாம் சார்லஸ் மன்னன் போர்வீரருடன் அவைக்கு வந்து ஐந்து உறுப்பினரைக் கைது செய்ய முயன்றான். அத்தகைய ஆபத்தினின்று மக்கட் பிரதிநிதிகளைக் காப்பாற்றவே அவை தன்னைச் சுற்றி வேலியிட்டுக்கொண்டது. 1689 ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், பாராளுமன்றத்தில் நிகழும் பேச்சையும் நடவடிக்கையையும் வெளியிலுள்ள எந்த நீதிமன்றமும் கேள்விக்குள்ளாக்கலாகாது என்று விதித்தது.

அந்நாளில் அவ்வேலிக்குள்ளும் தண்டனை நிகழ்ந்தது. 1695 இல் அவையின் சபாநாயகரான சர் ஜான் ட்ரெவர், லண்டன் மாநகராட்சியிடமிருந்து 1,000 கினி கையூட்டுப் பெற்றமைக்காகப் பதவியிழந்து அவையினின்றும் வெளியேற்றப்பட்டார். ஆகவே தன்னைத் தானே நியாயந்தீர்க்கும் அவை ஒருபோதும் நீதி வழங்காது என்று நாம் கூறவில்லை. நம் வினா வேறு. மன்னனிடமிருந்து காப்பதற்கு எழுப்பிய வேலி, மன்னனுடைய கை ஓய்ந்த பின்னர் யாரிடமிருந்து காக்கிறது? உறுப்பினரைத் தெரிந்தெடுத்த மக்களிடமிருந்தே அன்றோ?

2. ஏழு நெறிகளும் மறக்கப்பட்ட சரடும்

1994 இல் காமன்ஸ் சபையின் உறுப்பினர் சிலர் பணம் பெற்றுக்கொண்டு அவையில் வினாக்களை எழுப்புவதாக நாளிதழ்கள் குற்றஞ்சாட்டின. எழுந்த கொந்தளிப்பைக் கண்டு, பிரதமர் ஜான் மேஜர் அவ்வாண்டு அக்டோபரில் நோலன் பிரபு என்னும் நீதிபதியின் தலைமையில் பொது வாழ்வின் ஒழுக்கநெறிக் குழுவை அமைத்தார். 1995 மே மாதத்தில் வெளிவந்த அதன் முதல் அறிக்கை ஏழு நெறிகளை வகுத்தது. தன்னலமின்மை, நேர்மை, நடுநிலைமை, பொறுப்புக்கூறல், வெளிப்படைமை, வாய்மை, முன்மாதிரியான தலைமை ஆகியவையே அவை. பின்னர்ப் பல நாடுகளும் நிறுவனங்களும் இவற்றைப் பின்பற்றின.

ஓர் ஆவணம் என்ற முறையில் இதனைத் திறனாயும்போது, முதலில் கண்ணில் படுவது அதன் இலக்கணம். ஏழும் பண்புப் பெயர்கள்; நல்ல மனிதன் எப்படியிருப்பான் என்று கூறுபவை. சீனாய் மலையில் அருளப்பட்ட கட்டளைகளோடு ஒப்பிடுவோமாயின் வேறுபாடு விளங்கும். கட்டளைகள் செயலைப் பெயரிட்டுச் சொல்கின்றன. களவையும் பொய்ச்சாட்சியையும் விலக்கும்போது அதனால் இழப்படையும் அயலானையும் நம் கண்முன் நிறுத்துகின்றன. நோலன் நெறிகளிலோ குற்றம் செய்வோன் நிற்கிறான்; அவனால் துன்புறுவோன் நிற்கவில்லை. பொதுநலன் என்ற சொல் விளக்கத்தில் உண்டு. ஆனால் பொதுநலனுக்கு முகமில்லை.

எனினும் நோலனுக்கு அநீதி செய்யலாகாது. அவர் ஏழு பண்புகளைப் பட்டியலிட்டு நின்றுவிடவில்லை. அவற்றைக் கட்டும் மூன்று சரடுகளையும் அதே அறிக்கையில் தந்தார். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நடத்தை விதித்தொகுப்பு வேண்டும். வழிகாட்டலும் பயிற்சியும் வேண்டும். தம்மைச் சாராத பிறரின் ஆய்வும் வேண்டும் என்றார். உலகம் ஏழு நெறிகளை மனப்பாடம் செய்துகொண்டது. விதித்தொகுப்புகள் பெருகின, பயிற்சி வகுப்புகளும் நடைபெற்றன. பிறரின் ஆய்வு என்னும் சரடு மட்டும் தளர்வாகவே தொங்கியது.

அது தளர்ந்த வரலாற்றுக்கு ஒரு சான்று போதும். நோலன் அறிக்கையின் பயனாக 1995 இல் பாராளுமன்ற ஒழுக்கநெறி ஆணையர் என்னும் பதவி உருவாயிற்று. ஆனால் ஆணையரை அமர்த்துவது அவையே. அவருடைய அறிக்கையைப் பெறுவது அவையின் குழுவே. தண்டனையைத் தீர்மானிப்பதும் அவையின் வாக்கே. 1999 இல் அப்பதவியை ஏற்ற எலிசபெத் ஃபில்கின் அம்மையார் மூத்த அமைச்சர்களையும் தயங்காது விசாரித்தார். அவருடைய காலம் முடிவுற்றபோது, பதவி தொடர விரும்பினால் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும் என்றும், வேலை நாட்கள் குறைக்கப்படும் என்றும் சொல்லப்பட்டது. தம் பணிக்கு இடையூறான நெருக்குதல்கள் நேர்ந்தன என்று எழுதிவைத்துவிட்டு அவர் விலகினார். காவற்காரனை அமர்த்துவோரும் நீக்குவோரும் காவலுக்குரியோரே ஆயின், அக்காவல் எத்தகையது?

3. 2009 ஆம் ஆண்டின் சினம்

மக்களின் சினம் உச்சத்தைத் தொட்டது 2009 மே மாதத்தில். உறுப்பினர் தம் இரண்டாம் வீட்டுக்கென்று பெற்ற படிகளின் விவரங்களை டெய்லி டெலிகிராஃப் நாளிதழ் நாள்தோறும் வெளியிட்டது. தகவல் அறியும் உரிமையின்படி அவ்விவரங்களைத் தரவேண்டும் என்று 2008 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தும் அவை காலந்தாழ்த்தியிருந்தது. குளத்தில் வாத்துகளுக்கான சிறு வீடு ஒன்றுக்கு 1,645 பவுன் கேட்டு ஓர் உறுப்பினர் பட்டியல் அளித்திருந்தார். அலுவலகம் அத்தொகையை அவருக்குக் கொடுக்கவில்லை. ஆயினும் அந்த வாத்து வீடே அவ்வாண்டின் சின்னமாக மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

இச்சினத்தால் சில நற்பயன்கள் விளைந்தன என்பதை மறுக்கலாகாது. சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலக நேர்ந்தது. 1695 இல் ட்ரெவர் நீக்கப்பட்டதற்குப் பின்னர், அங்ஙனம் விலக்கப்பட்ட முதற் சபாநாயகர் அவரே. பாராளுமன்ற ஒழுக்கநெறிச் சட்டம் 2009 இலேயே நிறைவேறி, உறுப்பினரின் படிகளைக் கண்காணிக்க அவையைச் சாராத தனி ஆணையம் ஒன்று நிறுவப்பட்டது. சர் தாமஸ் லெக் நடத்திய தணிக்கையின்பின் அவர் ஆய்ந்த உறுப்பினருள் பாதிக்கு மேற்பட்டோர் பணம் திருப்பிச் செலுத்தும்படி கேட்கப்பட்டனர். பொய்ப் பட்டியல் அளித்தோர் சிலர் 2011 இல் சிறை சென்றனர். 1689 ஆம் ஆண்டின் சிறப்புரிமை தம்மைக் காக்கும் என்று அவர்கள் வாதிட்டபோது, படிக்கு விண்ணப்பிப்பது பாராளுமன்ற நடவடிக்கை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2010 இல் அவ்வாதத்தைத் தள்ளியது. பழைய வேலியின் எல்லை இங்குத் தெளிவாய் வரையறுக்கப்பட்டது. அதனால் அவை அழிந்துவிடவுமில்லை.

ஆயினும் சினத்தின் பார்வை எங்கு நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். வாத்து வீடும் அகழியைத் துப்புரவாக்கிய செலவும் எளிதில் நகைப்புக்கு இடமாயின. ஆனால் வெளியிலிருந்து பெரும்பணம் பெற்றுக்கொண்டு அமைச்சர்களிடம் பரிந்துபேசுவது நகைப்புக்குரிய பொருளன்று. அதனைப் படத்தில் காட்டவும் இயலாது. படிகளுக்குத் தனி ஆணையம் அமைந்தது. பரிந்துபேசும் குற்றமோ பழையபடி அவையின் தீர்ப்புக்கே விடப்பட்டது. சினம் சிறு திருட்டை அடக்கியது. பெரிய திருட்டைக் கடிந்துரைத்ததோடு நின்றுவிட்டது.

4. ஏலி கடிந்துகொண்டான்

இந்நிலையில் சீலோவின் ஆலயத்துக்குச் செல்வோம். ஏலியின் குமாரரான ஓப்னியும் பினெகாசும் பலியிட வந்தோரின் சட்டியிலிருந்து முக்கூர்க் கருவியால் இறைச்சியை எடுத்தார்கள், கொழுப்புத் தகனிக்கப்படுவதற்கு முன்னமே பச்சை இறைச்சியையும் கேட்டார்கள், தர மறுப்போரிடம் வலுவந்தமாய்ப் பறிப்போம் என்றார்கள் (1 சாமு. 2:12-16). எடுத்தல் என்னும் பொருளுடைய 'லாக்காஹ்' என்ற எபிரேய வினை இப்பகுதியில் திரும்பத் திரும்ப வருகிறது. இதனை மனத்தில் இருத்துவோம். இச்சொல் நம்மோடு நெடுந்தூரம் வரும்.

ஏலி யாவற்றையும் கேள்விப்பட்டான். குமாரரை அழைத்துக் கடிந்தும் பேசினான் (2:22-25). அவனுடைய சொற்களில் இறையியல் பிழை ஏதுமில்லை. அவை இன்றும் ஒரு நல்ல பிரசங்கமாகத் தகும். ஆயினும் ஆண்டவர் சிறுவனாகிய சாமுவேலுக்கு அறிவித்த குற்றச்சாட்டில், ஏலி அறியாதிருந்தான் என்பதில்லை, பேசாதிருந்தான் என்பதுமில்லை. அறிந்தும் அவர்களை அடக்கவில்லை என்பதே குற்றம் (3:13). ஏலி தந்தை மட்டுமல்லன், ஆசாரியனும் நியாயாதிபதியுமாயிருந்தான். பணியினின்று அவர்களை நீக்கும் அதிகாரம் அவன் கையிலிருந்தது.

ஏன் அடக்கவில்லை? தேவமனிதன் ஒருவன் கூறிய சொல் இதனை வெளிப்படுத்துகிறது. ஏலி தன் குமாரரை ஆண்டவரினும் மேலாகக் கனம்பண்ணினான் என்றும், காணிக்கைகளின் சிறந்த பங்கினால் அவ்வீட்டார் அனைவரும் கொழுத்தார்கள் என்றும் அது கூறுகிறது (2:29). எடுத்தவர் குமாரர், உண்டவர்களுள் தந்தையும் ஒருவன். எபிரேயத்தில் கனம்பண்ணுதலுக்கும் உடற்பாரத்துக்கும் ஒரே வேர்ச்சொல் வழங்குகிறது. தமிழில் 'கனம்' என்னும் சொல்லும் இவ்விரு பொருளையும் தாங்குவது நம் பேறு. குமாரரைக் கனம்பண்ணிய ஏலி, முடிவில் தன் உடற்கனத்தாலேயே பிடரி முறிந்து இறக்கிறான் (4:18). அவன் மருமகள் பெற்ற பிள்ளைக்கோ, இஸ்ரவேலின் மகிமை அகன்றது என்னும் பொருளில் பெயரிடப்பட்டது (4:21). மகிமைக்குரிய சொல்லும் அதே வேரினின்று பிறந்ததே.

பிரித்தானியாவின் அண்மைக்கால நிகழ்ச்சிகளை இதனோடு வைத்துப் பார்ப்போம். உறுப்பினர் ஒருவரையொருவர் 'கனம் உறுப்பினர்' என்றே அவையில் விளித்துக்கொள்கின்றனர். 2020 நவம்பரில், உள்துறை அமைச்சர் பிரீத்தி பட்டேல் அலுவலரை நடத்திய முறை அமைச்சர் நெறிமுறைக்கு முரணானது என்று பிரதமரின் ஆலோசகர் சர் அலெக்ஸ் ஆலன் கண்டார். நெறிமுறை மீறப்படவில்லை என்று பிரதமர் போரிஸ் ஜான்சன் முடிவுசெய்தார். அமைச்சர் பதவியில் நீடித்தார், ஆலோசகர் விலகினார். ஆலோசகரின் சொல் கடிந்துரையே; அடக்கும் கை பிரதமருடையது.

2021 இல் ஓவன் பேட்டர்சன் என்னும் உறுப்பினர், தமக்கு ஊதியமளித்த இரு நிறுவனங்களுக்காக அரசுத் துறைகளிடம் பரிந்துபேசினார் என்று ஒழுக்கநெறி ஆணையர் கண்டார்; 30 அமர்வு நாட்கள் இடைநீக்கம் செய்யக் குழு பரிந்துரைத்தது. நவம்பர் 3 ஆம் நாள் ஆளுங்கட்சிக் கொறடாவின் கட்டளையால், அப்பரிந்துரையை ஒத்திவைத்து விதிகளையே மாற்றி ஆராயும் திருத்தம் 250 க்கு 232 என்னும் வாக்குகளால் நிறைவேறியது. மறுநாளே எழுந்த கண்டனத்தின்முன் அரசு பின்வாங்கியது, பேட்டர்சன் விலகினார். அடுத்த மாதம் நடந்த இடைத்தேர்தலில் ஏறக்குறைய 23,000 வாக்கு முன்னிலையுடன் கட்சி வைத்திருந்த அத்தொகுதி கைநழுவியது. அவ்வொரு நாளில் அவை செய்தது ஏலியின் செயலினும் கீழானது. ஏலி குமாரரைக் காக்கச் சட்டத்தைத் திருத்தவில்லை.

அடக்கும் ஆற்றல் அவைக்கு முற்றிலும் இல்லை என்பதன்று. பெருந்தொற்றுக் காலத்தில் பிரதமர் இல்லத்தில் நிகழ்ந்த கூட்டங்கள் குறித்து ஜான்சன் அவையைத் தெரிந்தே தவறாக வழிநடத்தினார் என்று சிறப்புரிமைக் குழு 2023 ஜூனில் அறிக்கையளித்தது. அக்குழுவில் அவருடைய கட்சியினரே பெரும்பான்மையினர். அவை 354 க்கு 7 என்னும் வாக்குகளால் அதனை ஏற்றது. இது பாராட்டுக்குரியது. எனினும் அதற்குமுன் அவர் பதவி துறந்துவிட்டார் என்பதையும், அதிகாரத்தின் உச்சியில் இருந்த காலத்தில் அவருடைய இரண்டாம் ஆலோசகர் கைட் பிரபுவும் 2022 இல் விலகினார் என்பதையும் மறக்கலாகாது. 2024 நவம்பரில் திருத்தப்பட்ட அமைச்சர் நெறிமுறை, பிரதமரின் இசைவை எதிர்பாராமல் விசாரணை தொடங்கும் உரிமையை ஆலோசகருக்கு வழங்கியது. நல்ல மாற்றமே. ஆனால் தீர்ப்பின் இறுதிச் சொல் இன்னும் பிரதமரிடமே உள்ளது.

5. அயலான் எங்கே?

நோலன் நெறிகளில் துன்புறுவோனின் முகம் இல்லை என்று கூறினோம். அதன் விளைவை, தமிழராகிய நம் நெஞ்சைத் தொடும் ஒரு வழக்கில் காணலாம். வட ஆன்ட்ரிம் தொகுதியின் உறுப்பினரான இயன் பெய்ஸ்லி, 2013 இல் இலங்கை அரசின் செலவில் குடும்பத்தினருடன் இருமுறை விடுமுறைப் பயணம் மேற்கொண்டார். அதனை உரிய பதிவேட்டில் பதியவில்லை. 2014 மார்ச்சில், இலங்கையின் மனித உரிமை நிலைமை குறித்து ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவையில் வரவிருந்த தீர்மானத்தை ஆதரிக்க வேண்டாம் என்று பிரித்தானியப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அம்முயற்சி பலிக்கவில்லை, பிரித்தானியா தீர்மானத்தை ஆதரித்தது, விசாரணைக்கும் வழி பிறந்தது. 2017 இல் நாளிதழ் ஒன்றே உண்மையை வெளிக்கொணர்ந்தது. 2018 ஜூலையில் அவர் அவையில் மன்னிப்புக் கோரினார். 30 அமர்வு நாட்கள் இடைநீக்கமும் செய்யப்பட்டார்.

2015 ஆம் ஆண்டின் மீளழைப்புச் சட்டத்தின்படி, அத்தகைய இடைநீக்கம் நேர்ந்தால் தொகுதி வாக்காளருள் பத்து விழுக்காட்டினர் ஆறு வாரங்களுக்குள் கையொப்பமிட்டு அவரைப் பதவியிழக்கச் செய்யலாம். இச்சட்டம் முதன்முதல் சோதிக்கப்பட்டது இவ்வழக்கிலேயே. 7,543 கையொப்பங்கள் வேண்டியிருக்க, 7,099 மட்டுமே கிடைத்தன. உறுப்பினர் பதவியில் நீடித்தார்.

இவ்விசாரணையில் எழுப்பப்பட்ட வினாக்கள் யாவை? பயன் பெற்றாரா? பதிந்தாரா? கைம்மாறாகப் பரிந்துபேசினாரா? அவையின் நற்பெயருக்கு இழுக்கு நேர்ந்ததா? இவை தேவையான வினாக்களே. ஆனால் எவர்களுடைய காணாமற்போன பிள்ளைகளைக் குறித்து அத்தீர்மானம் விசாரணை கேட்டதோ, அத்தாய்மார்க்கு இந்நடைமுறையில் இடமில்லை. அவையின் மானமே காயமுற்ற பொருளாகக் கருதப்பட்டது. சீலோவிலோ பலியிட வந்த எளியவன் வாய்திறந்து முறையிடுகிறான். அவனுடைய சொல்லைத் திருமறை பதிவுசெய்து வைத்திருக்கிறது (2:16). ஊழலைத் தனிமனிதனின் தூய்மைக் குறைவாக மட்டும் காணும் ஒழுக்கவியல், எடுக்கப்பட்டவனை மறந்து எடுத்தவனையே நோக்கிக்கொண்டிருக்கும்.

6. அரசனைக் கேட்ட சினம்

அடக்கப்படாத அக்கிரமத்தால் இரு தீமைகள் விளைகின்றன. முதலாவது வெறுப்பு. ஏலியின் குமாரரின் செய்கையால் மனிதர் ஆண்டவரின் காணிக்கையையே வெறுத்தனர் என்று நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு பொருள்கொள்கிறது (2:17). ஆசாரியர்மீது எழுந்த வெறுப்பு பலியின்மீது பாய்ந்தது. 'எல்லாரும் ஒன்றே' என்னும் பேச்சு இவ்வகையினது. அது அக்கிரமக்காரனுக்குத் தீங்கு செய்வதில்லை. நேர்மையாளனையும் அவனோடு சேர்த்து எண்ணுவதால் அவனுக்கு அடைக்கலமே தருகிறது. 2024 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பிரித்தானிய வாக்காளருள் வாக்களித்தோர் ஏறக்குறைய 60 விழுக்காட்டினரே. இதற்குக் காரணங்கள் பல. ஆயினும் வெறுப்புக்கு அதில் பங்கில்லை என்று கூற இயலாது.

இரண்டாவது தீமை அதனினும் நுட்பமானது. ஏலியின் வீழ்ச்சியைக் கண்ணாரக் கண்ட சாமுவேல், முதிர்ந்த வயதில் தன் குமாரரையே நியாயாதிபதிகளாக்கினான். அவர்கள் பரிதானம் 'எடுத்தார்கள்' (8:3). மூப்பர் சினந்தனர், அவர்களுடைய குறைகூறலில் பொய்யில்லை. ஆனால் அவர்கள் கேட்ட மருந்து யாது? நியாயாதிபதிகளை விசாரிக்கும் முறையையன்று, தங்களை ஆளும் அரசனையே கேட்டார்கள். அவ்வரசன் குமாரரையும் குமாரத்திகளையும் வயல்களையும் 'எடுப்பான்' என்று சாமுவேல் எச்சரித்தபோது (8:11-17), நூலாசிரியர் அதே எபிரேய வினையையே பயன்படுத்துகிறார். சிறிது எடுத்தவர்மேல் எழுந்த சினம், பெரிதும் எடுப்பவனிடம் கொண்டு சேர்த்தது.

இதனாலேயே மக்களின் சினத்தைத் திருச்சபை அப்படியே எதிரொலிக்கலாகாது என்கிறோம். சினம் நேரியதாயிருக்கலாம், அதன் கோரிக்கை தவறானதாயிருக்கலாம். அவையினர் அனைவரையும் கள்வர் என்று கூறி, அவையை மீறி ஆளத் தகுந்த ஒரு வீரனைத் தேடுவது, எல்லாக் கண்காணிப்பையும் கடந்த ஒருவனைத் தேடுவதேயாகும். சலிப்பூட்டும் குழுக்களும், பதிவேடுகளும், தணிக்கைகளும், சாராத ஆணையரும் மக்களின் உள்ளத்தைக் கிளர்ச்சியுறச் செய்வன அல்ல. எனினும் எளியவனின் சட்டியைக் காக்கும் கருவிகள் அவையே.

7. நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டில்

பிரித்தானியாவின் பிரபுக்கள் சபையில் இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயர் 26 பேர் அமர்ந்திருக்கின்றனர். சட்டமியற்றுவோருக்கு மனச்சான்றாக விளங்குவதே தம் பணி என்று அவர்கள் கருதுகின்றனர். ஆனால் ஜான் ஸ்மித் என்பவர் இளைஞர்க்கு இழைத்த கொடுமைகள் குறித்த மேக்கின் அறிக்கை 2024 நவம்பரில் வெளிவந்தது. திருச்சபையின் பொறுப்பாளர் அறிந்திருந்தும் தக்கவாறு தடுக்கவில்லை என்பதை அது காட்டியது. கன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலக நேர்ந்தது. அறிந்திருந்தும் அடக்காமை என்னும் ஏலியின் குற்றச்சாட்டு, இம்முறை ஆலயத்துக்குள்ளேயே வாசிக்கப்பட்டது.

அதன்பின் நடந்ததும் கருதத்தக்கது. பாதுகாப்புப் பணியனைத்தையும் திருச்சபையைச் சாராத அமைப்பிடம் ஒப்படைப்பதா என்ற வினா 2025 பிப்ரவரியில் பொதுப் பேரவையின்முன் வந்தது. முழு ஒப்படைப்பை உடனே ஏற்காமல், தேசிய அளவிலான பணியை மட்டும் முதலில் வெளியே மாற்றும் வழியைப் பேரவை தெரிந்துகொண்டது. நடைமுறைச் சிக்கல்கள் உண்டு என்ற வாதத்தில் உண்மையிருக்கலாம். ஆயினும் காமன்ஸ் சபை முப்பது ஆண்டுகளாகக் கூறிவரும் காரணங்களுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை எவரும் காணலாம். தன்னைத் தானே நியாயந்தீர்க்கும் ஆசை அரசியல்வாதிகளுக்கு மட்டும் உரியதன்று.

நம் திருமண்டலங்களைக் குறித்துப் பெயர் சொல்லிப் பேச இஃது இடமன்று, தேவையுமில்லை. நிலமும் பள்ளியும் மருத்துவமனையும் நம் கையில் உண்டு. அவற்றோடு நியமனங்களும் தேர்தல்களும் உண்டு. சபைக் காரியங்கள் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்காய் நிற்பதை நாம் அறிவோம். கணக்கைத் தணிக்கை செய்வோரைத் தெரிந்தெடுப்பவர் யார்? முறையீட்டை விசாரிக்கும் குழுவில் அமர்பவர் யார்? அக்குழுவினரின் மாறுதலும் பதவியும் யாருடைய கையில் உள்ளன? 'கனம் ஐயர்' என்று அழைக்கப்படும் நாம், ஒருவரையொருவர் கனம்பண்ணும் நற்பழக்கத்தால் எத்தனை முறையீடுகளை நெஞ்சுக்குள் புதைத்திருக்கிறோம்? இவ்வினாக்களுக்கு விடையளிக்க இயலாத திருச்சபை, பாராளுமன்றத்தை நோக்கிப் பேசும் தீர்க்கதரிசனச் சொல்லைக் கேட்போர் நகைப்பர். அவர்கள் நகைப்பது முறையுமாம்.

முடிவுரை

நாத்தானைப் போல் அரசனின்முன் நிற்கும் வாய்ப்பு நம்மில் மிகச் சிலருக்கே கிட்டும். சாமுவேலின் வேறொரு செயலோ நம் ஒவ்வொருவருக்கும் இயல்வது. கில்காலில் பதவியை ஒப்படைக்கும்போது அவன் மக்களெதிரில் நின்று, யாருடைய எருதையாவது கழுதையையாவது எடுத்ததுண்டா, யாரையாவது ஒடுக்கியதுண்டா, பரிதானம் வாங்கியதுண்டா என்று தன்மேல் சாட்சி கேட்டான்; எடுத்திருந்தால் திருப்பித் தருவதாகவும் கூறினான் (12:1-5). இரண்டாம் அதிகாரத்தில் ஆசாரியர் எடுத்ததும், எட்டாம் அதிகாரத்தில் குமாரர் எடுத்ததும், அரசன் எடுக்கவிருப்பதும் அதே வினையால் குறிக்கப்பட்டன. இங்கு அவ்வினை ஒரு வினாவாக மாறி மக்களின் கையில் கொடுக்கப்படுகிறது. குமாரரை அடக்கத் தவறிய சாமுவேலும் குறையற்றவனல்லன். ஆயினும் விசாரிக்கும் உரிமை பாதிக்கப்பட்டோருடையது என்பதை அவன் ஒப்புக்கொண்டான்.

ஆகவே குருமார்க்கும் இறையியல் மாணவர்க்கும் நாம் முன்வைப்பது இதுவே. ஊழலைக் குறித்துப் பேசும்போது எடுத்தவனின் பெயரோடு நில்லாமல், எடுக்கப்பட்டவன் யார் என்று சபைக்குக் காட்டுவோமாக. சினங்கொண்ட மக்களுக்குச் சினத்தின் நியாயத்தை உணர்த்துவதோடு, அரசனைக் கேட்கும் சோதனையையும் உணர்த்துவோமாக. நம் சேகரத்திலும் திருமண்டலத்திலும் ஆண்டுக் கணக்கு வாசிக்கப்படும் கூட்டத்தில், அக்கணக்கால் பயன்பெறாத ஒருவர் அதனை ஆராய்ந்தாரா என்று எழுந்து கேட்போமாக. அவ்வினாவைக் கேட்பவர்மீது கோபம் எழுமாயின், சீலோவின் சட்டி இன்னும் நம்மிடையே கொதிக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.